கேட் மூடிய பிறகு நான் மொழிபெயர்த்த வாக்கியம்

மாட்டுங்கா ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் வரும் மே மாதம் தடோபா புலிக்காட்டுப் பயணத்தைக் கொடுத்திருப்பதாக முதலாளி சொன்னார். பெர்மிட் எடுப்பது, ரயிலில் சீட் மாற்றிக்கொள்வது, ரிசார்ட் சமையல்காரரிடம் சாம்பாருக்குச் சொல்லிவைப்பது எல்லாம் ஃபைலில் வரிசையாக இருக்கின்றன. அவற்றை நான்தான் எழுதிவைத்தேன், அதனால் மறுபடி சொல்லப்போவதில்லை. ஃபைலில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அதை எழுதத்தான் இன்று செம்பூர் வீட்டில் பழைய டைரிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இருபத்தாறு வருடம் டூர் மேனேஜராக இருந்தேன். அதில் முதல் பத்தொன்பது வருடம் கோயில் பயணங்கள் மட்டும்தான். காசி, பண்டரிபுரம், நவக்கிரகக் கோயில்கள். அந்த வேலையில் நல்ல பெயர் எடுப்பது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். நடை சாத்தும் நேரத்துக்கு நம் பஸ் போய்ச் சேரும். கதவில் கை வைத்து நிற்பவரிடம், "மும்பைலேர்ந்து வந்திருக்கோம், வயசானவா எல்லாம் இருக்கா, ஒரு பத்து நிமிஷம்" என்று சொல்லி, முப்பது பேரையும் உள்ளே அனுப்பிவிட வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தை வாங்கிக் கொடுப்பவன்தான் மேனேஜர். நான் ஒரு தடவைகூட வாங்காமல் திரும்பியதில்லை. அந்தத் திறமையோடுதான் காட்டுக்கும் போனேன்.

கோயிலுக்கு வராத பிள்ளைகளும் பெண்களும் காட்டுக்கு வருவதாகச் சொன்னதால் நம் ஆபீஸ் புலிக்காட்டுப் பயணத்தை ஆரம்பித்தது. ஆனால் ஏறிய கூட்டம் அதே கூட்டம், பேச்சும் அதே பேச்சு. எதிரே வரும் ஜிப்ஸி ஜீப்பில் நம் ஆட்கள் இருந்தால் "தரிசனம் ஆச்சா?" என்றுதான் கேட்பார்கள். இல்லை என்று தலையாட்டினால், "எங்களுக்கு ஆச்சு, திவ்யமா ஆச்சு" என்பார்கள்.

மே மாதத் தடோபாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். காடு என்றதும் பச்சையாக எதையாவது எதிர்பார்த்துப் போகாதீர்கள். தேக்கு மொத்தமும் இலை உதிர்ந்து நிற்கும். விழுந்த இலைகள் அப்பளம் போல் காய்ந்து கிடப்பதால் ஒரு அணில் ஓடினாலும் யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்கும். மூங்கில் வெளிறி, வளைந்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருக்கும். நடுநடுவே பட்டை உரிந்த வெள்ளை மரங்கள் தனியாக நிற்கும். கைடுகள் அவற்றைப் பேய் மரம் என்பார்கள். மண் சாலை ஓரமாகக் கோண்டு அரசர்கள் காலத்துக் கல் தூண்கள் ஆள் உயரத்துக்கும் மேலே வரிசையாக வரும். ஏரியில் தண்ணீர் உள்வாங்கி, சேறு தெரியும் இடத்தில் முதலைகள் கிடக்கும். மிருகங்கள் எல்லாம் மிச்சமிருக்கும் தண்ணீரைத் தேடி வரும், அதனால்தான் நாமும் அந்த வெயிலில் போகிறோம்.

இந்தக் காட்டை எனக்குக் காட்டியவர் கேட்டுக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும், என்னைவிட இருபது வயதாவது சின்னவர். பெயர் எழுதப் போவதில்லை. மராத்தியில் அக்காவுக்குத் 'தாயி' என்பார்கள். எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். ஏழு சீசன் எங்கள் ஜிப்ஸிகளில் வந்திருக்கிறார். இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு அவர் உட்காரும் விதத்தைப் பார்த்துத்தான் நான் காது கொடுக்கக் கற்றுக்கொண்டேன். புள்ளிமான் எதற்கெடுத்தாலும் கத்தும், மரத்து மந்தி கொஞ்சம் யோசித்துக் கத்தும், கடமான் புலியைக் கண்ணால் பார்த்தோ மோப்பம் பிடித்தோ உறுதியானால்தான் வாய் திறக்கும். இதெல்லாம் அவர் சொன்னது. நான் ஒவ்வொன்றையும் நேரத்தோடு நோட்டில் குறித்துக்கொள்வேன். மொபைலை உள்ளே விடமாட்டார்கள், கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் ஜிப்ஸியில் என் கைக்கடிகாரமும் நோட்டும்தான் ஆதாரம் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

அவர் எனக்குக் கற்றுக்கொடுத்து நான் கற்றுக்கொள்ளாத ஒன்றும் உண்டு. திரும்பும் பாதைக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, அதற்குமேல் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் எப்போதும் கூடுதலாக வைத்துக்கொள்வார். "அது நம்முடைய நேரம் இல்லை, காட்டுடைய நேரம்" என்பார். மாலை ஆறரைக்கு கேட் மூடும். அதற்குப் பிறகு வந்தால் கைடு பெயருக்கு எதிரே ஒரு சிவப்புக் குறி. ஒரு சீசனில் மூன்று குறி விழுந்தால் ரோஸ்டரிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். மறுபடி ஏறுவது சுலபமில்லை, அந்த இடத்துக்கு ஊரில் ஆள் காத்திருக்கும்.

நான் சொல்லும் அந்தப் பயணத்தில், முதல் நாளே தாயி என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "இந்த சீசனில் எனக்கு இரண்டு ஆகிவிட்டது. ஒன்று டயர் வெடித்தது, ஒன்று ஒரு அம்மாவுக்கு மயக்கம். மூன்றாவது விழுந்தால் நான் வீட்டில்தான்."

எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. தெரியும்.

அன்று வண்டியில் என்னோடு நான்கு பேர். மாட்டுங்கா மாமா ஒருவர், இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ரிடையர் ஆனவர், தன் ஹவுசிங் சொசைட்டிக்குச் செக்ரட்டரி. அவர் திருப்தியாகத் திரும்பினால் அடுத்த வருடம் அந்த பில்டிங்கே நம்மோடு வரும். கூட அவர் மனைவி. பின் சீட்டில் தாராவி அண்ணாச்சி, தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர், சொந்த ஊர் பாபநாசம் மலையடிவாரம். அவர் பெண், செம்பூரில் ஒரு லேபில் வேலை, சிநேகிதியிடம் வாங்கிய கேமராவோடு வந்திருந்தாள்.

மொத்தம் ஆறு சஃபாரி. நான்கு முடிந்து புலி தென்படவில்லை. இது ஐந்தாவது.

"என்ன சார், இதுவரைக்கும் எரநூறு மான் எண்ணிட்டேன்," என்றார் மாமா. "மானைப் பாக்கறதுன்னா போரிவலி பார்க்குக்குப் போயிருப்பேனே. லோக்கல்ல நாப்பது நிமிஷம்."

"பொறுங்க சாமி," என்றார் அண்ணாச்சி. "மிளா கூப்பிட்டா புலி எழும்பி நடக்குன்னு அர்த்தம். எங்க மலைப்பக்கம் சொல்லுவாவ." கடமானுக்கு அவர் ஊரில் மிளா என்று பெயர்.

"உங்க மிளா மூணு நாளா கூப்பிட்டுண்டேதான் இருக்கு அண்ணாச்சி. புலிக்குத்தான் காது கேக்கலை போலிருக்கு."

"அப்பா, தோடா சுப் பைட்டோ நா," என்று பெண், கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லி, அப்பாவின் தோளைத் தட்டினாள்.

5:20-க்கு நீர்க்குட்டைக்கு வந்தோம். என் நோட்டில் அப்படியே இருக்கிறது: 5:26 கடமான் பெட்டை ஒன்று, முன்னங்கால் தண்ணீரில். 5:31 ஆள்காட்டிக் குருவி இரண்டு. 5:38 மூங்கில் பக்கம் கடமான் குரல், ஒருமுறை. 5:44 அதே இடம், மூன்று முறை. 5:49 மந்தி. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். குட்டையில் இருந்த கடமான் வாலைத் தூக்கி, ஒரு காலைத் தரையில் தட்டியது.

அப்போது தாயி திரும்பி, "சலா, வேள் ஜாலி," என்றார். கிளம்பலாம், நேரமாகிவிட்டது. மணி 5:52.

மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பத்தொன்பது வருடப் பழக்கம். கோயில் வாசலில் கதவு பாதி மூடியிருக்கும்போது பார்ப்பார்களே, அதே பார்வை.

கணக்குப் போட்டேன். கேட்டுக்கு இருபத்து நான்கு நிமிடம். 6:04-க்குக் கிளம்பினால் 6:28. இரண்டு நிமிடம் மிச்சம். கணக்கில் தப்பே இல்லை.

"தஸ் மினிட், தாயி," என்றேன். "மேரா ஜிம்மேதாரி." பத்து நிமிடம், என் பொறுப்பு.

அவர் இந்தியில், "சார், புலி வரும், ஆனால் எப்போது என்று தெரியாது. போய்விடலாம்," என்றார். மாமிக்குக் கொஞ்சம் பயம் வந்துவிட்டது. "லேட்டானா ஏதாவது ஆகுமோ?" என்றாள். நான் தமிழில் ஏதோ சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். 5:57-க்கு தாயி மறுபடி சொன்னார். அதற்குமேல் சொல்லாமல் டிரைவர் தோளைத் தொட்டார். 6:04-க்குக் கிளம்பினோம். புலி வரவில்லை.

6:11-க்கு வந்தது. ஒரு திருப்பம் தாண்டியதும் இரண்டு கல் தூண்களுக்கு நடுவே ஆண் புலி சாலைக்கு இறங்கி, எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டு, சூடான புழுதியில் குறுக்கே படுத்துக்கொண்டது. தலையை முன்னங்கால் மேல் வைத்தது. வயிறு ஏறி இறங்குவது தெரிந்தது.

மாமி கைகூப்பினாள். மாமா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணாச்சி, "யாத்தே, என்னா பெரிசு," என்றார். டிரைவர் மெதுவாக, "ஓரமாக இலைமேல் ஏற்றிப் போய்விடலாம் தாயி, நான்கு அடிதான்," என்றான்.

"சாலையை விட்டு இறங்கக் கூடாது. இன்ஜினை நிறுத்து."

"ஹாரன் வேண்டாம், சும்மா கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் எழுந்துவிடும்."

"நிறுத்து என்றேன்."

வேறு பாதை கிடையாது. மூன்று நாளாக எதற்காக வந்தோமோ அது இருபதடி தூரத்தில் படுத்திருக்கிறது, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் வண்டியில் புலியைப் பார்க்காமல் இருந்தது நானும் தாயியும்தான். தாயி தன் முழங்காலில் இரண்டு கையையும் வைத்து, புலிக்கு அப்பால் சாலை வளையும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 5:52-க்குக் கிளம்பியிருந்தால் 5:59-க்கு இந்த இடத்தைத் தாண்டியிருப்போம்.

6:36-க்கு எழுந்து, முதுகை நீட்டி, அவசரமில்லாமல் மறுபக்கம் இறங்கிப் போயிற்று. 6:53-க்கு கேட்டுக்கு வந்தோம்.

ரேஞ்சர் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார், மேஜையில் ரிஜிஸ்டர் திறந்திருந்தது. நாங்கள் இறங்குவதற்குள் டிரைவர் முந்திக்கொண்டான். "சாப், ஐந்து ஐம்பதுக்கே கிளம்பிவிட்டோம். புலி சாலையில் படுத்துவிட்டது."

"ஹான் சாப், டைகர், டைகர்," என்றார் மாமா. அது பொய்யும் இல்லை.

ரேஞ்சர் என்னைப் பார்த்தார். "குட்டையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்?"

நோட் என் கையில். 6:04 என்று நானே எழுதியிருக்கிறேன். ஐந்து ஐம்பது என்று சொன்னால் தாயி தப்பித்துவிடலாம், நானும் தப்பித்துவிடலாம். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தாயி பதில் சொன்னார். "ஆறு மணி நாலு நிமிஷம்."

"புலி படுத்தால் குறி இல்லை. ஆனால் நேரத்துக்குக் கிளம்பியிருக்க வேண்டும்," என்று ரேஞ்சர் சிவப்புப் பேனாவை எடுத்தார். "இது மூன்றாவது, தெரியும்தானே?"

தெரியும் என்று தாயி தலையசைத்தார். நான் குறுக்கே போனேன். "சாப், அவர் மூன்று முறை கிளம்பச் சொன்னார். நான்தான் நிறுத்திவைத்தேன்."

"எல்லா மேனேஜரும் இங்கே வந்து இப்படிச் சொல்வார்கள். கைடு மேல் குறி விழுந்தால் பாவமாக இருக்கும் உங்களுக்கு. வண்டிக்குள் கைடு சொல்வதுதான் சட்டம். அவர் சம்மதித்து உட்கார்ந்திருந்தால் அவர்தான் பொறுப்பு." பிறகு என் நோட்டைப் பார்த்தார். "நீங்கள் எல்லாம் எழுதுகிறவர் ஆயிற்றே. காட்டுங்கள், எங்கே எழுதியிருக்கிறீர்கள்?"

பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தேன். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது, ஆனால் நேரம் தெரியுமே. 5:49-க்கு அடுத்த வரி 6:04. நடுவில் ஒன்றும் இல்லை. குருவி இரண்டையும் எழுதியிருக்கிறேன், மந்தியை எழுதியிருக்கிறேன், அந்த மனுஷி மூன்று முறை சொன்னதில் ஒன்றைக்கூட எழுதவில்லை. பதினைந்து நிமிடம் வெறுமையாக இருந்தது.

ரேஞ்சர் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரிஜிஸ்டரில் குனிந்தார்.

"சார், ஏக் மினிட்," என்றாள் அண்ணாச்சியின் பெண். "அந்த மிளா காலைத் தட்டிச்சுல்லா, அத நான் வீடியோ எடுத்தேன். அதுல நாம பேசின ஆவாஸ் வந்திருக்கும்."

கேமராவின் சின்னத் திரையை மேஜையில் வைத்தாள். எல்லோரும் குனிந்தோம். கடமான் காலைத் தட்டுகிறது. தாயியின் குரல், "சலா, வேள் ஜாலி." என் குரல், "தஸ் மினிட், தாயி." அவர் போய்விடலாம் என்பது. மாமியின் கேள்வி. பிறகு தமிழில் என் குரல், அதற்குப் பின் எல்லோருடைய சிரிப்பும்.

ரேஞ்சர் நிறுத்தச் சொன்னார். "இங்கே என்ன சொன்னீர்கள்? ஏன் சிரித்தார்கள்?"

அந்தக் குரலை நானே இப்போதுதான் கேட்டேன். "அவா அப்படித்தான் சொல்லுவா மாமி. அவாளுக்குச் சீக்கிரம் ஆத்துக்குப் போய்ச் சேரணும். இவ சொல்றதையெல்லாம் காதுல போட்டுக்காதேங்கோ, கேட் இவ அப்பாவோடதா என்ன?"

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். எந்த நெருக்கடியிலும் ஒரு மூன்று, நான்கு விநாடி கிடைக்கும். எனக்கு அன்று கிடைத்தது. 'பயப்பட வேண்டாம், போய்விடலாம் என்று சொன்னேன்' என்றால் போதும். கருத்து ஏறக்குறைய அதுதானே. தாயிக்குத் தமிழ் தெரியாது. ஏழு சீசன் பழக்கம் அப்படியே இருக்கும். ஆனால் ரேஞ்சர் கேட்டது அவர் சம்மதித்தாரா, அல்லது நாங்கள் அவரை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லையா என்பதை. அதற்கு அந்த வாக்கியம்தான் பதில். மெருகு போட்டுச் சொன்னால் பதில் மாறிவிடும்.

வார்த்தைக்கு வார்த்தை இந்தியில் சொன்னேன். அப்பாவின் கேட்டையும் விடவில்லை.

தாயி ரேஞ்சரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இதற்குத்தானா சிரித்தீர்கள்?" என்றார். "நானும் சேர்ந்து சிரித்தேனே."

உண்மைதான். பெண் மறுபடி ஓட்டியபோது அவர் சிரிப்பும் அதில் இருந்தது. என்னவென்று தெரியாமல், எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்களே என்று சிரித்த சிரிப்பு.

ரேஞ்சர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். நீலப் பேனாவை எடுத்து, என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். கைடின் பேச்சை மீறி வண்டியை நிறுத்திவைத்ததாக என் பெயரில் எழுதினார். அந்த சீசன் முடியும்வரை நான் உள்ளே போகக் கூடாது. தாயி பெயருக்கு எதிரே ஒன்றும் விழவில்லை.

ரிசார்ட்டுக்குத் திரும்பும்போது மாமா என் காதருகே வந்தார். "ஏன் சார் அப்படியே சொன்னேள்? கொஞ்சம் மாத்திச் சொல்லியிருந்தா யாருக்குத் தெரியப்போறது?"

"எனக்குத் தெரியும் அங்கிள்," என்றாள் பின் சீட்டிலிருந்து அந்தப் பெண்.

அன்று ராத்திரி டைரியில் எழுதியதில் ஒரு பகுதியை உங்களுக்காக எடுத்துத் தருகிறேன். நான் தாயியிடம் பத்து நிமிடம் கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் கைடு எப்படி என்று ஃபீட்பேக் தாள் நிரப்புவது நான். அடுத்த சீசனில் எங்கள் வண்டிகளில் யார் வரவேண்டும் என்று சொல்வது நான். அந்தத் தாள் என் பையில் இருக்கும்போது, அவரால் என்னிடம் எத்தனை முறை மறுக்க முடியும்? மூன்று முறை சொன்னாரே, அதுவே பெரிய தைரியம். கோயில் வாசலில் கதவைப் பிடித்து நின்றவர் நினைத்தால் என் முகத்தில் அறைந்து சாத்திவிட முடியும். அவரிடம் பத்து நிமிஷம் வாங்குவது வேறு. இவரிடம் அதையே செய்தது வேறு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஏழு வருடம் அந்தக் காட்டுக்குள் போய்வந்தேன்.

'என் பொறுப்பு' என்று சொன்னேன், பாருங்கள். அந்த வார்த்தையை நீங்கள் எங்கேயும் சொல்லும்முன், தண்டனை யார் பெயரில் எழுதப்படும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் இல்லையென்றால் அது உங்கள் பொறுப்பு இல்லை, வாயைத் திறக்காதீர்கள்.

மறுநாள் காலை கடைசி சஃபாரி. தாயி வரமாட்டார், வேறு கைடு கேட்டிருப்பார் என்று நினைத்தேன். 5:30-க்கு அவரே வந்து பெர்மிட்டைச் சரிபார்த்தார். என்னிடம் பேசவில்லை. வண்டியில் ஏறாமல் நின்று, நால்வரையும் பார்த்து இந்தியில் ஏதோ சொல்லி, அண்ணாச்சியின் பெண்ணிடம் கையைக் காட்டினார். அவள் தமிழில் சொன்னாள்.

"அவங்க கிளம்பலாம்னா கிளம்பணுமாம். சம்மதம் இல்லாதவங்க இப்பவே இறங்கிக்கலாமாம்."

மாமா என் பக்கம் திரும்பினார். நான் கேட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என்னிடமிருந்து வாங்குவதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அவர் முன்னால் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டார். வண்டி உள்ளே போயிற்று.

காலையில் பத்து மணிக்கு கேட் மூடும். ஜிப்ஸி 9:41-க்கு வந்துவிட்டது. மாமா புழுதியோடு இறங்கினார்.

"என்ன பாத்தேள்?" என்றேன்.

"அந்தக் குட்டைக்குப் பக்கத்துலே, புதருக்குள்ளேர்ந்து ரெண்டு புலிக்குட்டி தலையை நீட்டித்து சார். பூனை மாதிரி இருந்தது. அம்மா பின்னாடி வருவான்னு அண்ணாச்சி சொன்னார். நன்னா பாக்கலாம்னு எழுந்து நிக்கறேன், இவா கிளம்பலாம்னுட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வந்துட்டோம்."